தட்டுச் சுமந்த கோடை

மார்ச் 24, திங்கள்

இந்த நோட்டு அவருக்காக வாங்கியது. பேச்சுப் பயிற்சி கொடுக்கத் தாராபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் ஷர்மிளா, "என்ன சாப்பிட்டார், எப்பத் தூங்கினார், என்ன சத்தம் போட்டார், எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வைங்க அக்கா. நான் வந்து பார்ப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு இருபத்தொரு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை.

காலை: இட்லி இரண்டு, பால் அரை டம்ளர். நங்கை ஊட்டினார். (ஷர்மிளா, நீ தாராபுரத்துக்கு வேலைக்கு வந்த வெளியூர்ப் பெண் என்பதால் எழுதுகிறேன். நங்கை என்றால் வீட்டுக்காரரின் அக்கா. நாகமணி நங்கை கோயமுத்தூரிலிருந்து தம்பியைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார்.)

மதியம்: தெரியாது.

மாலை: தெரியாது. கொரங்காட்டில் இருந்தேன்.

கொரங்காடு என்பது மாடு மேய்வதற்கென்றே உழாமல் விட்ட நிலம். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே புல். எங்களுடையது ஆறு ஏக்கர், வீட்டிலிருந்து முக்கால் மைல். கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை. புல் மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடக்கிறது. ஒன்பது மாடு. வீட்டுப் பின்னால் அடுக்கியிருக்கும் போரிலிருந்து சோளத்தட்டைப் பிடுங்கி (காய்ந்த சோளத்தாளைத் தட்டு என்போம்), மொபெட்டில் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டால்தான் அதுகளுக்கு உயிர். காலையில் இரண்டு நடை, சாயந்திரம் இரண்டு நடை, நடுவில் தண்ணீர். ஆகவே பகலில் அவர் என்ன சாப்பிட்டார் என்று என்னால் எழுத முடியாது.

மார்ச் 26, புதன்

தட்டைக் கொண்டுபோய் ஒரே இடத்தில் கொட்டினால் பெரிய மயிலை மாடு கொம்பை ஆட்டி மற்றதையெல்லாம் விரட்டிவிடும். பத்தடிக்கு ஒரு குவியலாகத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடக்கூடாது. அப்போதுதான் சாணி காடு முழுக்க விழும், ஒரே இடம் மிதிபட்டுப் புல்வேர் சாகாது. அவர் அப்படித்தான் போடுவார். இருபத்தைந்து வருஷம் நான் வேலியோரம் நின்று பார்த்ததோடு சரி.

நேற்று வடக்கே போட்டேன். இன்று மேற்கே. நாளை கிழக்கே. தெற்கு மூலையில் போடுவதில்லை. அங்கே கல் அதிகம்.

நங்கை கேட்டார். "மாட்டையெல்லாம் ஊட்டுக்கே ஓட்டிட்டு வந்து கட்டுத்தறியில கட்டுனா ஆகாதா துளசி? தட்டும் இங்கதான் இருக்குது, தண்ணியும் இங்கதான் இருக்குது."

"காட்டு மாடு கட்டுத்தறியில நிக்காதுங்க நங்கை" என்றேன்.

போன பஞ்சத்தில் மூன்று மாதம் நின்றது. நங்கைக்கு அது தெரியாது.

மார்ச் 27, வியாழன்

காற்று. தட்டின் காய்ந்த சோகையெல்லாம் வேலிக்குப் பறந்துவிட்டது. இன்று வேறொன்றும் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். நங்கை வாசலுக்கே வந்து நின்றார். முகம் பூரித்துப் போயிருந்தது.

"தம்பி பேசிட்டான் புள்ள. மத்தியானம் சோறு கொண்டு போனேன். 'தட்டு'ன்னான். தெளிவா. ரெண்டு தடவை."

ஷர்மிளாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். அவள் சந்தோஷப்பட்டு, சாப்பாட்டுத் தட்டுப் படம் ஒன்று கொண்டுவந்து சுவரில் ஒட்டுவதாகச் சொன்னாளாம்.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டுத் தட்டை வட்டல் என்றுதான் சொல்வோம். அவர் வாயிலிருந்து அந்த அர்த்தத்தில் 'தட்டு' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நங்கை கோயமுத்தூரில் முப்பது வருஷம் இருந்துவிட்டார். மறந்திருக்கும்.

அதை நங்கையிடம் எடுத்துச் சொல்லப் போகவில்லை. பேச்சு வந்ததே போதும் என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு.

ஏப்ரல் 2, புதன்

ஷர்மிளா நோட்டைக் கேட்டாள். வீட்டில் மறந்துவைத்துவிட்டேன் என்றேன், வீட்டிலேயே நின்றுகொண்டு. அவள் சிரித்தாள். கடைக்குப் போய் வேறு நோட்டு வாங்கி நங்கையிடம் கொடுத்திருக்கிறேன். இது என்னிடமே இருக்கட்டும். கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

மதியம் கொரங்காட்டுக்கு ராசப்பண்ணா வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர். பக்கவாதம் வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரரைக் கண்டெடுத்ததும், தன் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் இவர்தான். தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்.

"அன்னிக்கு மாடு கத்துன கத்துலதான் வந்து பாத்தேன் அம்மிணி. அஞ்சு மணி இருக்கும். மாப்பள அந்தத் தெக்கு மூலையில ஒருச்சாஞ்சு கெடந்தாரு. தட்டுக்கட்டு அவுக்காமக் கெடந்துது. மாடெல்லாஞ் சுத்தி நின்னுட்டு, ஒண்ணுகூடத் தட்டுல வாய் வெக்கல."

நான் தொட்டியில் பாசி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணரைக்குத்தான் ஊட்டுல இருந்து கெளம்புனாருன்னு நீ சொன்ன. ஆனா பன்னெண்டு மணிக்கே அவரு வண்டி வேலிக் கடவுல நின்ன மாதிரி எனக்கொரு நெனப்பு. நான் மோட்டாரு நிறுத்தப் போனப்பப் பாத்தேன்."

"வெயில்ல தூரத்துல இருந்து பாத்தா எல்லா வண்டியும் ஒரே மாதிரித்தாங்ண்ணா தெரியும்" என்றேன்.

"அதுஞ் சரிதான்" என்றார். எழுந்து போய்விட்டார்.

தொட்டியை மறுபடி தேய்த்தேன். பாசி போயிருந்தது, இருந்தாலும் தேய்த்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாட்டுத் தரகர் ஒருவரை நங்கை வரச் சொல்லியிருந்தார். நான் காட்டிலிருந்து வருவதற்குள் அவர் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கொடுப்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நங்கைக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணும் புரியல துளசி. மாசி மாசம் நீயே எனக்குப் போன் பண்ணி அழுதே. இந்த மாட்டை வித்துத் தொலைக்கச் சொல்லுங்க, நான் சொன்னாக் கேக்க மாட்டீங்கறாருன்னு. இப்ப அவனே படுத்துட்டான். குடுத்துட்டு அவன் பக்கத்துல சித்த நேரம் உக்காரலாமில்ல?"

"அவரு வளத்த மாடுங்க. எந்திரிச்சு வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"தம்பி உன்ற மேல அவ்வளவு பிரியம் வெச்சிருக்கான்னு மாட்டுக்கும் பொறாமைபோல. உன்னயத்தான் பகலெல்லாம் புடிச்சு வெச்சுக்குது" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

சாயந்திரம் இரண்டு நடைக்குப் பதிலாக மூன்று நடை போட்டேன். தேவை இல்லை. போர் சீக்கிரம் கரைகிறது.

ஏப்ரல் 9, புதன்

பகல் பதினொன்றரைக்கு மொபெட் பஞ்சர். தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்த நேரத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் நேருக்கு நேர் பார்த்துவிட்டார்.

இளைத்துவிட்டார். சவரம் பண்ணியிருந்தார்கள்.

"தட்டு" என்றார். "தட்டு. தட்டு. தட்டு." இடது கையால் நாற்காலிக் கையை அடித்தார். குரல் ஏறிக்கொண்டே போனது. நங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்து சோற்று வட்டலை நீட்டினார். அவர் அதைத் தள்ளிவிட்டார். அது உருண்டு என் காலடியில் வந்து விழுந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசி வந்துட்டா இப்பிடித்தான் கோவிச்சுக்கறான்" என்றார் நங்கை.

வட்டலை எடுத்துக் கழுவி வைத்தேன். வண்டியை அப்படியே விட்டுவிட்டுக் காட்டுக்கு நடந்து போனேன். செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் தாண்டிவிடக் கூடாது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மகள் நிவேதா ஓசூரிலிருந்து வந்து காலையில் போய்விட்டாள். போகும்போது சொன்னாள்: "அம்மா, ரெண்டு நாள் இருந்தேன். நீ அப்பா பக்கத்துல அஞ்சு நிமிஷம்கூட உட்காரலை."

"மாடு இருக்குதே கண்ணு."

"மாடு எப்பவும் இருந்துச்சு" என்றாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

சோளத்தட்டு இன்னும் பத்து நாளைக்குக் காணாது. உடுமலைப் பக்கத்திலிருந்து வைக்கோல் ஒரு லோடு இறக்கியிருக்கிறேன். சோளத்தட்டு தின்று பழகிய மாட்டுக்கு வைக்கோல் பிடிப்பதில்லை. மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெல்லமும் உப்பும் கரைத்துத் தெளித்து, தட்டோடு கலந்து போட்டேன். பெரிய மயிலை தட்டைப் பொறுக்கித் தின்றுவிட்டு வைக்கோலின் மேலேயே படுத்துக்கொண்டது. செவலை மட்டும் எதிலும் வாய் வைக்கவில்லை. அது நிறைசினை. கண் உள்ளே போயிருக்கிறது.

ஷர்மிளா வந்த நாள். அவருக்கு இப்போது "அக்கா", "வேண்டாம்" இரண்டும் வருகிறதாம். "இன்னும் ரெண்டு மூணு மாசத்துல சின்னச் சின்ன வாக்கியமாப் பேசுவார். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவரே சொல்லுவார் பாருங்க" என்று நங்கையிடம் சொன்னாளாம். நங்கை அதை என்னிடம் மூன்று தடவை சொன்னார்.

என் சோற்றைக் கழனித் தொட்டியில் கொட்டினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை ஒன்பதே காலுக்குச் செவலை படுத்துவிட்டது. படுத்த மாடு எழவில்லை. முன்னங்காலை மடக்கி ஊன்றப் பார்க்கிறது, பின்னால் இடுப்பு வரமாட்டேன் என்கிறது. அதுவும் படுத்தது தெற்கு மூலையில்.

உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். ராசப்பண்ணாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, இரண்டு பேருமாக மாட்டைப் புரட்டி, சாயாமல் இருக்க விலாவுக்கு வைக்கோல் அண்டை கொடுத்தோம். ஒரே பக்கமாகப் படுத்தால் அந்தக் கால் செத்துவிடும் என்று அவர் சொன்னார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றினோம்.

பத்தரைக்கு டாக்டர் வந்தார். முதல் கேள்வி: "எப்பப் படுத்துச்சும்மா?"

"ஒன்பதே காலுங்க."

"நல்லாத் தெரியுமா?"

"பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்."

"நல்லவேளை உடனே கூப்பிட்டீங்க. சினை மாட்டுக்குத் தெம்பு போயிருச்சு. மத்தியானம் வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா கஷ்டம்."

கழுத்து நரம்பில் மருந்து ஏற்றினார். பன்னிரண்டு மணிக்குச் செவலை தலையை உலுக்கியது. ஒன்றேகாலுக்கு எழுந்து நின்றது. ராசப்பண்ணா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 3 அன்று அவர் வீட்டிலிருந்து கிளம்பியது மூன்றரைக்கு இல்லை. பதினொன்றே முக்காலுக்கு.

முந்தின நாள் நிவேதா போன் பண்ணியிருந்தாள். புது வீட்டுக்குக் குடிபோகிறாள், நாலு நாள் வந்து தங்குங்கள் என்றாள். மாட்டை யார் பார்ப்பது என்றார் அவர். கல்யாணமானதிலிருந்து நான் ஒரு இடத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போலத் தங்கியதில்லை. என் தம்பி கல்யாணத்துக்குக் காலையில் போய் மத்தியானம் திரும்பியவள். மாட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அது நடக்காது என்றார். காலையிலிருந்து பேச்சு தடித்துக்கொண்டே போனது. அவர் போரில் ஏறித் தட்டுப் பிடுங்கி வண்டியில் கட்டும்போது நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன்: "அந்த மாட்டுகூடயே போய்ப் படுத்துக்கங்க. சோத்துக்கு இங்க வர வேண்டாம்."

அவர் கட்டை இறுக்கிக் கட்டினார். போய்விட்டார்.

ஒன்றரைக்கு வரவேண்டியவர் வரவில்லை. வீம்பு என்று நினைத்தேன். நான் சாப்பிட்டேன். இரண்டரை ஆனது. அவருடைய சோற்றை மூடி வைத்தேன். டிவி போட்டேன். மூன்றரை மணி இருக்கும், மேலக்காற்றில் மாடு கத்துகிற சத்தம் வந்தது.

எனக்கும் கேட்டது. முக்கால் மைல் தூரத்துக்கும் தெளிவாகக் கேட்டது. மாடு சும்மா கத்துகிற சத்தத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் இருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. எழுந்து வாசல் வரைக்கும் போனேன். நாமாகப் போனால் இளப்பமாகிவிடும் என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேட்டார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் ஊசி போட்டிருக்கலாம், நேரம் தாண்டிவிட்டதம்மா என்றார். வெளியே நின்ற நங்கை, "எப்பக் கெளம்புனான்?" என்று கேட்டார். மூன்றரை என்றேன். வாயில் அப்படி வந்துவிட்டது. பிறகு அதையே எல்லோரிடமும் சொன்னேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நேற்று முழுக்கக் காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். எங்கேயும் உட்கார முடியவில்லை. போரிலிருந்து ஒரு தட்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன், மூன்று தடவை.

இன்று காலையில் நங்கை அடுப்படியில் இருக்கும்போது உள்ளே போனேன். அவர் முழித்திருந்தார். சோளத்தட்டை அவர் இடது கையில் வைத்தேன்.

"நீங்க கேக்கறது இதுதானுங்களே?"

அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆமாம் என்று தலையை அசைத்தார்.

தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றை மூடி வைத்தது, மாடு கத்தியது கேட்டது, வாசலுக்குப் போய்த் திரும்பியது, டிவி. எதையும் விடவில்லை. அவருக்குக் கண்ணில் தண்ணீர் ஓடியது. இந்த நோய்க்காரர்களுக்கு எதற்கும் அழுகை வரும் என்று ஷர்மிளா சொல்லியிருக்கிறாள். இது அதுவா, வேறா, எனக்குத் தெரியவில்லை.

சொல்லி முடித்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுந்து திரும்பினால் நங்கை கதவோரம் நிற்கிறார். கையில் பால் டம்ளர். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. என்னைத் தாண்டிப் போய்த் தம்பியின் தலையை நிமிர்த்திப் பாலைக் கொடுத்தார்.

ஏப்ரல் 25, வெள்ளி

ராசப்பண்ணாவிடமும் சொல்லிவிட்டேன். "நீங்க பாத்தது சரிதாங்ண்ணா. பன்னெண்டு மணிக்கு அங்க நின்னது அவரு வண்டிதான்."

அவர் வேலியோரம் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "நாளைல இருந்து காலை நடை தட்டை நான் போட்டுக்கறேன். நீ ஊட்டுல இரு" என்றார்.

நிவேதாவுக்கு இன்னும் சொல்லவில்லை. போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஐந்து நாளாக அவர் ஒரு சத்தமும் போடவில்லை. "தட்டு" இல்லை, "அக்கா" இல்லை. ஷர்மிளா சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டிக் காட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்துட்டிருந்த பேச்சு ஏன் நின்னுபோச்சுன்னு தெரியலையே அக்கா" என்றாள். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று சொன்னேன். அவள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

பகலெல்லாம் அவர் பக்கத்தில் இருக்கிறேன். பக்கம் மாற்றிப் படுக்கவைக்கிறேன், துடைக்கிறேன். அதற்கு விடுகிறார். நான் ஊட்டினால் மட்டும் வாய் திறப்பதில்லை. நங்கை வந்து அதே கிண்ணத்தை வாங்கி ஊட்டினால் சாப்பிடுகிறார்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறையவில்லை. காட்டுக்கு ஓடத்தான் கால் பரபரக்கிறது. சாயந்திரம் நாலு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தையே பார்க்கிறேன். நாலு ஆனதும் போகிறேன், தட்டைப் போட்டதும் வந்துவிடுகிறேன்.

மே 1, வியாழன்

நங்கை பெட்டியைக் கட்டிவிட்டார். கதவோரம் நின்ற நாளிலிருந்து இன்றுதான் என்னிடம் பேசினார்.

"நான் போறேன். எனக்கு உன்ற மேல இருக்கற கோவம் இருக்குது. அது இப்பத்திக்குப் போகாது. ஆனா நான் இங்க இருக்கற வரைக்கும் அவன் உன்ற கையில திங்க மாட்டான்."

"அவரு பட்டினி கெடந்தா என்னுங்க நங்கை பண்ணுவேன்?"

"கெடக்கட்டும். நீயும் கெட."

பஸ் ஏற்றிவிடப் போனேன். ஏறியபிறகு ஜன்னல் வழியாக, "மாத்திரை சோத்துக்கு முன்னால, மறந்துறாத" என்றார்.

காலையில் இட்லிக்கு வாய் திறக்கவில்லை. மத்தியானம் சோற்றுக்கும் திறக்கவில்லை. நானும் சாப்பிடவில்லை. மாத்திரையை மட்டும் தண்ணீரோடு விழுங்கினார். ஆறு மணிக்கு மோர் கொண்டுபோனேன். கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதட்டைத் திரட்டி என்னவோ சொல்லப் பார்த்தார். வரவில்லை. மறுபடி முயன்றார்.

"கோவம்" என்றார்.

ஏழு நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை.

"இருக்கட்டுங்க" என்றேன். "கோவம் இருக்கட்டும். மோர் குடிங்க."

குடித்தார்.

மே 3, சனி

இட்லி ஒன்றரை. ரசம் சோறு ஒரு கிண்ணம். சாயந்திரம் பால். நானே ஊட்டினேன், நானே எழுதுகிறேன்.

மே 6, செவ்வாய்

தூறல். மழை என்று சொல்ல முடியாது, மண்ணில் புள்ளி வைத்ததோடு போய்விட்டது. செவலை காளைக்கன்று போட்டிருக்கிறது. அவரிடம் போய்ச் சொன்னேன். "காடு" என்றார். புரியாமல் நின்றேன். தன்னைத் தொட்டுக் காட்டி, "காடு" என்றார் மறுபடியும்.

மே 9, வெள்ளி

ராசப்பண்ணாவின் குட்டியானை சரக்கு வண்டியில் சக்கர நாற்காலியோடு அவரை ஏற்றிக் கொரங்காட்டுக்குக் கொண்டுபோனோம். காலை எட்டு மணி. கடவைத் தாண்டியதும் மாடெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவர் எங்கே நிறுத்தச் சொல்வாரோ என்று எனக்குப் பயம். வெள்வேல மர நிழலைக் காட்டினார். அங்கே நிறுத்திவிட்டு ராசப்பண்ணா தன் காட்டுக்குப் போய்விட்டார்.

நான் தட்டுக்கட்டை அவிழ்த்து உதறிப் போட்டுக்கொண்டே போனேன். முதல் முறையாக அவர் பார்க்கப் போடுகிறேன். தெற்கு மூலைக்கும் போய் இரண்டு குவியல் போட்டேன். அங்கே கல் ஒன்றும் அதிகம் இல்லை.

திரும்பி வந்து அவர் முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, மாட்டைப் பத்தி ஒரு முடிவுக்கு வரோணும். வைக்கோலும் தீரப்போகுது. இன்னும் மழை எப்பன்னு தெரியாது. நீங்க சொல்றதுதான்."

வார்த்தை வருவதற்குள் கழுத்து நரம்பு புடைத்தது.

"நீ" என்றார்.

"நானுங்களா?"

"நீ... சொல்லு."

ஒன்பதையும் நானே வைத்துப் பார்க்கிறேன், சாகிறவரைக்கும் பார்க்கிறேன் என்றுதான் சொல்வேன் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"எனக்கு ஒம்போது முடியாதுங்க. அஞ்சுன்னாப் பாப்பேன். நாலைக் குடுத்துரலாம். நிவேதா ஊட்டுக்கும் போய் நாலு நாள் தங்கோணும். நீங்களும் வரோணும். அவகிட்ட நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குது. உங்களைப் பக்கத்துல வெச்சுட்டுச் சொல்லோணும்."

சொல்லிவிட்டு மண்ணைக் கீறிக்கொண்டிருந்தேன். அவர் மாடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டு மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு இடது கையைத் தூக்கினார். காரியைக் காட்டி, "அது" என்றார். இளைய மயிலையைக் காட்டினார். ஒற்றைக்கொம்பைக் காட்டினார். மூன்று ஆனது.

நாலாவதற்குக் கை எழுந்து மடியில் விழுந்தது. மறுபடி எழுந்தது. பெரிய மயிலையின் பக்கம் போனது. தாய் செத்த பிறகு பாட்டிலில் பால் கொடுத்து அவர் வளர்த்த மாடு. அது வேண்டாம், வேறு காட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடலாம் போல இருந்தது. அதையும் செய்யவில்லை. அவர் மாடு. அவர் காட்டி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"வயசு" என்றார். பிறகு, "அது."

கை இறங்கியது. முகத்தை என் பக்கம் திருப்பினார். அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிய பிறகு இவ்வளவு நேரம் என்னைப் பார்த்தது இன்றுதான். கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

"தண்ணி" என்றார்.

"மாட்டுக்குங்களா? உங்களுக்குங்களா?"

யோசித்தார். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

"ரெண்டும்."

முதலில் அவருக்குக் கொடுத்தேன். பிறகு தொட்டிக்குப் போனேன்.